வாளையாருக்கு இரண்டு பக்கமும் வளரும் பிள்ளை: கஸ்டடி உத்தரவில் எழுதி வாங்க வேண்டியவை

அம்மா கொழிஞ்சாம்பாறையில், அப்பா கோவையில். அல்லது அம்மா செங்கோட்டையில், அப்பா புனலூரில். எல்லையோர ஊர்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் தலைமுறை தலைமுறையாக நடப்பதால், ஒரு கல்யாணம் முறியும்போது பிள்ளை இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் நின்றுவிடுகிறது. பாலக்காட்டிலிருந்து கோவை 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் நடுவில் வாளையாரில் இருக்கும் மாநில எல்லைக் கோடு இரண்டு உயர் நீதிமன்றங்களையும், இரண்டு பள்ளிக் காலண்டர்களையும், இரண்டு மொழிப்பாடச் சட்டங்களையும், இரண்டு ஊர்களின் பண்டிகைக் கணக்கையும் பிரிக்கிறது.

கஸ்டடி பற்றிப் பொதுவாகக் கிடைக்கும் விளக்கங்கள் ஒரே ஊரில் இருக்கும் தம்பதியை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. "தந்தை மாதம் இரண்டு சனிக்கிழமை பிள்ளையைப் பார்க்கலாம்" என்ற ஒற்றை வரி அங்கே எப்படியோ ஓடிவிடும். இங்கே ஓடாது. எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கூட்டி வருவது, பஸ் ஓடாத நாளில் என்ன செய்வது என்று எதுவும் இல்லாத உத்தரவு மூன்றாவது மாதமே சண்டையில் முடியும். கஸ்டடி யாருக்கு என்று வாதாடுவதில் போகும் உழைப்பில் பாதியையாவது உத்தரவின் வாசகத்துக்குக் கொடுங்கள் என்பதே இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல வருவது.

முதலில் ஒரு எச்சரிக்கை. அடி, மிரட்டல், பிள்ளைமீது பாலியல் தொந்தரவு என்று எதாவது இருந்தால், கீழே சொல்லும் 'இருவரும் சேர்ந்து வளர்ப்பது' பற்றிய யோசனைகள் உங்களுக்குப் பொருந்தாது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 21-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டே தற்காலிக கஸ்டடி கொடுக்கலாம். சந்திப்பு பிள்ளைக்குக் கேடு என்று தெரிந்தால் அதை மறுக்கவும் செய்யலாம். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே அந்த மனுவைப் போட முடியும். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கு 181.

எந்த ஊர்க் கோர்ட்டு?

எல்லைப் பகுதியில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. விவாகரத்து மனு போடும் இடமும் கஸ்டடி மனு போடும் இடமும் வேறுவேறாக இருக்கலாம். இந்து திருமணச் சட்டம் 19-வது பிரிவின்படி கல்யாணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி மனுதாரர் என்றால் அவர் இப்போது வசிக்கும் ஊர், இவற்றில் எங்கேயும் விவாகரத்து மனு போடலாம். பிள்ளைக்காக மட்டும் தனியாக 1890-ம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தில் மனு போட்டால், 9-வது பிரிவு ஒன்றைத்தான் பார்க்கும்: பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறது?

'வழக்கமாக' என்பதற்கு அர்த்தம் உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாளையார் தாண்டி வந்து, திங்கட்கிழமை கோவையில் மனு போட்டால் பிள்ளை கோவையில் 'வசிப்பதாக' ஆகிவிடாது. அதற்கு முன்பு பிள்ளை எங்கே பள்ளிக்குப் போனது, எங்கே தடுப்பூசி போட்டது, எந்த வீட்டில் தூங்கி எழுந்தது என்பதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். அதனால் பிரிவு வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். அங்கன்வாடிப் பதிவு, பள்ளி ஐடி கார்டு, ஃபீஸ் ரசீது, தடுப்பூசி அட்டை, ஆரம்ப சுகாதார நிலையத்து ஓ.பி. சீட்டு, ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர், ஆதார் முகவரி எல்லாம் அதில் சேரும். ஆதாரில் ஒரு ஊர், பள்ளியில் இன்னொரு ஊர் என்று இருப்பது எல்லையில் சகஜம். நடைமுறையில் ஆதாரைவிடப் பள்ளி வருகைப் பதிவேடு கனமான சாட்சி, ஏனென்றால் அது நாள்தோறும் எழுதப்படுவது.

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், அந்த வழக்கிலேயே இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில் கஸ்டடி, சந்திப்பு, பிள்ளையின் படிப்புச் செலவு எல்லாவற்றுக்கும் மனு போடலாம். படிப்பு, பராமரிப்புச் செலவு கேட்கும் மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. என் அபிப்பிராயம், ஒரே கோர்ட்டில் எல்லாம் நடப்பது பிள்ளைக்கு நல்லது. பாலக்காட்டில் ஒரு மனு, கோவையில் ஒரு மனு என்று ஆளுக்கொன்று போட்டுக்கொண்டால் இரண்டு வாய்தா, இரண்டு கவுன்சிலிங், சில சமயம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு இடைக்கால உத்தரவு என்று பிள்ளைதான் அலையும்.

பக்கத்துப் பக்கத்து ஊர்தானே, உயர் நீதிமன்றத்தில் சொல்லி வழக்கை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாநிலத்துக்குள் மாற்றுவதென்றால் உயர் நீதிமன்றம் போதும். மாநிலம் விட்டு மாநிலம் என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 25-வது பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம். பாலக்காட்டுக் குடும்ப நீதிமன்றத்திலிருந்து கோவைக் குடும்ப நீதிமன்றத்துக்கு ஒரு கட்டு காகிதம் போய்ச் சேர டெல்லி வழியாகத்தான் போக வேண்டும். அந்தச் செலவையும் மாதங்களையும் யோசித்தால், இரு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து பேசி ஒரு மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதே மேல்.

மொழியும் ஒரு விஷயம். கேரளக் கீழமை நீதிமன்றங்களில் வேலை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் நடக்கும். உங்கள் கடிதம், வாட்ஸ்அப் உரையாடல், பள்ளிக் காகிதம் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பு வைக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம் கவுன்சிலர் பிள்ளையிடம் பேசும் மொழி. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் ஏழு வயதுப் பிள்ளை, தெரியாத ஒருவர் மலையாளத்தில் கேட்கும் கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டும். அந்தத் தலையாட்டல் அறிக்கையில் சம்மதமாக ஏறிவிடக் கூடாது. தமிழ் தெரிந்த கவுன்சிலர் வேண்டும் என்று வாயால் சொல்லாமல் மனுவாகவே எழுதிக் கொடுங்கள்.

சட்டம் பார்ப்பது எதை?

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எந்த மதம், எந்தச் சட்டம் என்றாலும் கடைசியில் கோர்ட் பார்ப்பது பிள்ளையின் நலன். 1956-ம் ஆண்டின் இந்து இளையோர் மற்றும் காப்பாளர் சட்டம் 13-வது பிரிவு அதைத்தான் முதன்மை என்கிறது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம், தனித் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு அதன் 38-வது பிரிவு. முஸ்லிம் குடும்பங்களின் கஸ்டடி வழக்குகளும் 1890-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

இரண்டு தவறான நம்பிக்கைகள் ஊரில் பலமாக இருக்கின்றன. ஒன்று, ஐந்து வயது முடிந்தால் பிள்ளை தானாக அப்பாவிடம் போய்விடும் என்பது. ஐந்து வயதுக்குக் கீழே சாதாரணமாக அம்மாவிடம் என்று அதே 1956-ம் ஆண்டுச் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறதே தவிர, ஐந்தாவது பிறந்தநாளில் கை மாற வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. இரண்டாவது, அப்பாதான் இயற்கைக் காப்பாளர், அம்மாவுக்குக் கையெழுத்துப் போடும் உரிமையே கிடையாது என்பது. கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம், அப்பா பிள்ளையின் பொறுப்பில் இல்லாதபோது அவர் உயிரோடு இருக்கும்போதே அம்மா காப்பாளராகச் செயல்படலாம் என்று தீர்த்துவிட்டது.

பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது என்று பட்டால் நீதிபதி தன் அறையில் கூப்பிட்டுப் பேசுவார். இத்தனை வயது என்று சட்டத்தில் எண் இல்லை. அந்த நாளுக்காகப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போவது வேண்டாம். பெரியவர்கள் வாயில் வரும் சொல் சின்ன வாயில் வரும்போது, குடும்ப வழக்குகளையே பார்த்துக்கொண்டிருக்கும் நீதிபதிக்கு உடனே தெரியும். பிள்ளைக்கோ அது வருஷக்கணக்கில் மனதில் கிடக்கும் பாரம்.

வாசகம்

இப்போது விஷயத்துக்கு வருவோம். பரஸ்பரச் சம்மதத்தில் பிரிகிறவர்கள் ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதுவே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அந்தத் தாளை யாராவது மீறினால் கோர்ட் உத்தரவை மீறியதாக ஆகாது. ஷரத்துகள் ஒவ்வொன்றும் மனுவில் இடம்பெற்று, தீர்ப்பாணையின் பகுதியாக ஆக வேண்டும். சமரச மையத்தில் எழுதும் உடன்படிக்கைக்கும் இதே கதிதான். அது கோர்ட்டில் ஏறி உத்தரவாக வந்ததா என்று நகல் வாங்கிப் பாருங்கள்.

முதலில் நாள். 'மாதம் இரண்டு சனி' என்று எழுதாமல் '2-வது, 4-வது சனிக்கிழமை' என்று எழுதுங்கள். 5-வது சனி வரும் மாதங்களில் அது யாருக்கு என்பதையும் சேருங்கள். கேரளப் பள்ளிகளில் சில சனிக்கிழமைகள் வேலை நாளாக வரும். அந்தச் சனிக்கிழமை பள்ளி இருந்தால், பள்ளி விடும் நேரத்திலிருந்து சந்திப்பு தொடங்கும் என்று ஒரு வரி போதும்.

அடுத்து இடம். கோர்ட் வளாகத்தில் ஒப்படைப்பது என்று பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். வாய்தா நாள் கூட்டம், போலீஸ், வக்கீல்கள், யாரோ அழுதுகொண்டு போவது என்று அத்தனையையும் பார்த்துக்கொண்டு பிள்ளை அம்மா கையிலிருந்து அப்பா கைக்குப் போக வேண்டுமா? எல்லைச் சாலை ஓரமும் கூடாது. லாரி வரிசையும் வெயிலும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. நல்ல இடம் என்றால் நிழல், கழிப்பறை, வெளிச்சம், தாமதமானால் உட்கார இடம், இரு பக்கமும் வண்டி வசதி. பாலக்காடு ஜங்ஷன் என்று அழைக்கப்படும் ஒலவக்கோடு ஸ்டேஷனின் காத்திருப்பு அறை, கோவை ஜங்ஷனின் காத்திருப்பு அறை இதற்குப் பொருந்தும். பொள்ளாச்சி பக்கம் என்றால் பொள்ளாச்சி ஸ்டேஷன். எல்லாவற்றையும்விட நல்ல இடம் பள்ளி வாசல். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அப்பா அங்கிருந்து கூட்டிப்போய், திங்கட்கிழமை காலை நேரே பள்ளியில் கொண்டு விட்டால், பெற்றோர் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் கட்டாயமே இல்லை. பிள்ளைக்கும் 'பிரியாவிடை' என்று ஒரு காட்சி கிடையாது. ஆனால் பள்ளிக்கு உத்தரவின் சான்றிட்ட நகல் ஒன்று முன்கூட்டியே போயிருக்க வேண்டும், யார் கூட்டிப்போகலாம் என்ற பெயர்களோடு. இல்லையென்றால் தலைமையாசிரியர் பிள்ளையை அனுப்ப மறுப்பார், அது நியாயமும்கூட.

நேரம் எழுதும்போது சலுகை நேரத்தையும் எழுதுங்கள். 30 நிமிடம் வரை தாமதம் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் மெசேஜ் அனுப்ப வேண்டும், ஒன்றரை மணி நேரம் தாண்டினால் அன்றைய சந்திப்பு ரத்து என்பது போல. வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையே யானைகளுக்காக ரயில்கள் மெதுவாகப் போகும் பகுதி இருக்கிறது. ரயிலை நம்பி 10 மணி என்று எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஹர்த்தாலை மறக்கவே கூடாது. கேரளத்தில் முழு நாள் ஹர்த்தால் என்றால் காலை 6 முதல் மாலை 6 வரை பஸ், ஆட்டோ, கடை எதுவும் இருக்காது. கோவையில் இருக்கிறவருக்கு அது தெரியாமலேகூட இருக்கலாம். 'அனுப்பவில்லை' என்று ஒருவர் மனு போட, 'வர வழியில்லை' என்று மற்றவர் எதிர்மனு போட, அதற்கே மூன்று வாய்தா போகும். ஹர்த்தால், பஸ் ஸ்டிரைக், வெள்ளம், நிலச்சரிவால் சாலை அடைப்பு ஆகிய நாட்களில் சந்திப்பு தவறினால் அடுத்து வரும் இரண்டு வார இறுதிக்குள் ஈடு செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியம் இருந்தால் இவ்வளவும் மிச்சம். குமுளி, மூணாறு பக்கத்தவர்களுக்கு இந்த வாக்கியம் இன்னும் அவசியம். மழைக்காலத்தில் கலெக்டர் விடும் திடீர் விடுமுறை 'பள்ளி விடுமுறை' கணக்கில் சேராது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

காய்ச்சல் என்று சொல்லிச் சந்திப்பைத் தள்ளுவது இரு பக்கமும் சந்தேகத்தைக் கிளப்பும் அடுத்த விஷயம். டாக்டர் சீட்டு இருந்தால் தள்ளலாம், ஆனால் ஈடு செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். லேசான உடம்பு சரியில்லாமைக்குப் பிள்ளையை அனுப்பும்போது மருந்தோடு ஒரு துண்டுச் சீட்டும் போகட்டும்: மருந்தின் பெயர், டாக்டர் சொன்ன அளவு, கடைசியாகக் கொடுத்த மணி. பாராசிட்டமாலை இந்த வீட்டில் 4 மணிக்குக் கொடுத்து அனுப்ப, அந்த வீட்டில் 5 மணிக்கு மறுபடி கொடுப்பது நிஜமாகவே நடக்கக்கூடிய ஆபத்து. ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா பம்ப் இருக்கிற பிள்ளை என்றால் இரண்டு வீட்டிலும் தனித்தனி மருந்துப் பெட்டி இருக்க வேண்டும். பையில் போட மறந்துவிட்டது என்பதற்கே இடம் கொடுக்கக் கூடாது.

போன் பேச்சு. யசிதா சாஹு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெற்றோர் வேறு வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருந்தால் நேரில் சந்திக்கும் உரிமையோடு பேசும் உரிமையும் முக்கியம், விசேஷக் காரணம் இல்லாவிட்டால் கஸ்டடி இல்லாதவர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையோடு பேச முடிய வேண்டும். எல்லைக் குடும்பங்களுக்காகவே சொன்னது போன்ற தீர்ப்பு இது. உங்கள் உத்தரவில் மணி இருக்கட்டும், உதாரணத்துக்கு இரவு 7.30. யார் கூப்பிடுவது என்பது இருக்கட்டும். பிள்ளை தூங்கிவிட்டால் மறுநாள் காலை பள்ளிக்கு முன் இரண்டு நிமிடம் என்று இருக்கட்டும். பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் நின்று கேட்பதும், பதிவு செய்வதும் வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளை 'சாப்டேன்', 'ம்', 'சரி' என்று மூன்று வார்த்தையில் முடிக்கும். அதை வைத்து அந்தப் பக்கம் ஏதோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம்.

வயதுக்கு ஏற்ப அட்டவணை மாற வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே மாதம் இருமுறை நீண்ட சந்திப்பைவிட வாரம் இரண்டு மூன்று முறை இரண்டு மணி நேரம் நல்லது. அந்த வயதில் இரண்டு வார இடைவெளியே முகத்தை அந்நியமாக்கிவிடும். இதற்காக எல்லை தாண்டி வர வேண்டியவர் பெரியவர்தான், பிள்ளையை பஸ்ஸில் போட்டு உலுக்கக் கூடாது. மூன்றிலிருந்து ஐந்து வரை பகல் நேரம், அது பழகிய பின் ஒரு ராத்திரி. ஐந்துக்கு மேல் மாற்று வார இறுதி. பத்து, பன்னிரண்டு வயதில் டியூஷன், கிரிக்கெட், சிநேகிதர் பிறந்தநாள் எல்லாம் வந்துவிடும், அப்போது பிள்ளையைக் கேட்காமல் போட்ட அட்டவணை நிற்காது. 'ஒவ்வொரு ஏப்ரலிலும் இருவரும் பேசி அட்டவணையைத் திருத்தலாம், ஒத்துவராவிட்டால் பழையதே தொடரும்' என்று ஒரு ஷரத்து வையுங்கள்.

இத்தனையும் சேர்த்து எழுதினால் ஒரு ஷரத்து இப்படி இருக்கும்: "தந்தை ஒவ்வொரு மாதமும் 2-வது, 4-வது சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பாலக்காடு ஜங்ஷன் ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் தாயிடமிருந்தோ தாய்வழிப் பாட்டியிடமிருந்தோ பிள்ளையைப் பெற்று, ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே இடத்தில் திரும்ப ஒப்படைப்பார். அன்று பள்ளி வேலை நாளாக இருந்தால் பள்ளி விட்ட ஒரு மணி நேரத்துக்குப் பின் ஒப்படைப்பு. ஹர்த்தால், போக்குவரத்து நிறுத்தம், மருத்துவச் சான்றுள்ள நோய் ஆகியவற்றால் தவறும் சந்திப்பு அடுத்த இரண்டு வார இறுதிகளுக்குள் ஈடு செய்யப்படும்." வக்கீல் சட்டத் தமிழிலோ ஆங்கிலத்திலோ மாற்றிக்கொள்ளட்டும், விவரம் மட்டும் குறையக் கூடாது. பாட்டியின் பெயரைப் பெயராகவே எழுதுவது நல்லது. அம்மாவுக்கு வேலை நாள் என்றால் யார் வரலாம் என்பதில்தான் அடுத்த தகராறு காத்திருக்கும்.

விசுவும் சித்திரை ஒன்றும்

பண்டிகையைப் பங்கு போடும்போது எல்லைக்கு உரிய ஒரு பொறி உண்டு. 'விசு அம்மாவுக்கு, தமிழ்ப் புத்தாண்டு அப்பாவுக்கு' என்று எழுதிவிடுவார்கள். பல வருஷங்களில் இரண்டும் ஏப்ரல் 14 அன்றே வரும், சில வருஷம் விசு மறுநாள். கணி காண்பது விடிகாலை என்பதால், முந்தைய ராத்திரி தூங்கும் வீடும் சேர்ந்தே தீர்மானமாகிறது. ஒரு வருஷம் இங்கே, அடுத்த வருஷம் அங்கே என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதே வழி. பண்டிகை என்றால் 'முந்தைய நாள் மாலை 6 மணி முதல் பண்டிகை நாள் மாலை 6 மணி வரை' என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள்.

ஓணத்துக்குக் கேரளப் பள்ளிகளில் பரீட்சை முடிந்து பத்து நாள் லீவு. தமிழ்நாட்டில் காலாண்டு லீவு வேறு வாரம். கோவையில் ஓணத்துக்கு ஒரு நாள் உள்ளூர் விடுமுறை, பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட எல்லை மாவட்டங்களில் பொங்கலுக்கு ஒரு நாள். ஆக பொங்கலை அப்பா வீட்டில் மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் வரை கொண்டாட வேண்டும் என்றால், பாலக்காட்டில் படிக்கும் பிள்ளை பள்ளிக்கு லீவு போட வேண்டும். எத்தனை நாள் லீவு போடலாம், லீவு லெட்டரில் யார் கையெழுத்து என்பது வரை பேசிவிடுங்கள். 'கோடை விடுமுறையில் பாதி' என்பதும் அப்படித்தான். கேரளத்தில் மார்ச் கடைசியோடு பள்ளி மூடும், தமிழ்நாட்டில் ஏப்ரலில் பரீட்சை நடந்துகொண்டிருக்கும். பிள்ளை படிக்கும் பள்ளியின் காலண்டர்தான் கணக்கு, முதல் பாதி ஒருவருக்கு, இரண்டாம் பாதி மற்றவருக்கு, பள்ளி திறப்பதற்கு ஐந்து நாள் முன்பே பிள்ளை பள்ளி இருக்கும் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள்.

கல்பாத்தித் தேர், கோனியம்மன் தேர் மாதிரி ஊர்த் திருவிழாக்களை உத்தரவில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாரம் பிள்ளையைக் கேட்டால் விட்டுக்கொடுங்கள். தாத்தா தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தது பிள்ளைக்குச் சொந்தமான நினைவு.

பணம்

ஜீவனாம்சத்தையும் சந்திப்பையும் கோர்ட்டு தனித்தனியாகத்தான் பார்க்கும். பணம் கட்டவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே செய்தவர் தலையில்தான் விழும். பிள்ளையின் பராமரிப்புக்கு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-வது பிரிவு, 1 ஜூலை 2024-க்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125. ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும் என்றும் சொன்னது. வங்கி ஸ்டேட்மென்ட்டை முதல் வாய்தாவுக்கே தயாராக வைத்திருப்பவருக்கு இடைக்கால உத்தரவு சீக்கிரம் வரும்.

தொகையோடு நிற்காமல் தேதி (மாதம் 5-க்குள்), வங்கிக் கணக்கு, வருஷா வருஷம் எத்தனை சதவீதம் கூடும் என்பவையும் வேண்டும். பள்ளி ஃபீஸை நேரே பள்ளிக் கணக்கில் கட்டினால் 'கொடுத்தேன், வரவில்லை' என்ற பேச்சு எழாது. எல்லை தாண்டும் டிக்கெட் காசு சின்னதுதான், ஆனால் மாதம் நான்கு முறை என்றால் வலிக்கும். அதை யார் ஏற்பது என்பதையும் ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

பள்ளி மாற்றமும் பாஸ்போர்ட்டும்

கஸ்டடி உள்ளவர் வேலைக்காகவோ மறுமணத்துக்காகவோ மாநிலம் மாறும்போது பழைய அட்டவணை முழுக்க உடைகிறது. மாறுவதற்கு 60 நாள் முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற ஷரத்து உங்கள் உத்தரவில் இருந்தால் மற்றவருக்குக் கோர்ட்டுக்குப் போக அவகாசம் கிடைக்கும். கோர்ட் நியமித்த காப்பாளர் என்றால், 1890-ம் ஆண்டுச் சட்டம் 26-வது பிரிவின்படி அனுமதி இல்லாமல் பிள்ளையை அந்தக் கோர்ட்டின் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

மொழிப்பாடத்தை மறந்துவிட்டுப் பலர் பிள்ளையை மாற்றிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்குகிறது, கேரளத்தில் 2017-ம் ஆண்டுச் சட்டம் மலையாளத்தை. எட்டாம் வகுப்பில் மாநிலம் மாறும் பிள்ளை இரண்டே வருஷத்தில் புது மொழியில் பொதுத் தேர்வு எழுத வேண்டிவரலாம். மாறத்தான் வேண்டும் என்றால் ஐந்தாம் வகுப்புக்கு முன் மாறுவது பிள்ளைக்கு இரக்கம். டி.சி. கிடைக்கவில்லை என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டம் 5-வது பிரிவு அதைத் தடுக்கிறது. டி.சி.யைப் பிடித்துவைத்து மற்றவரை மடக்கலாம் என்ற கணக்கு அதனால் பலிக்காது.

வளைகுடாவில் அப்பாவோ அம்மாவோ இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. பிள்ளைகள் கடத்தல் தொடர்பான 1980-ம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதால், பிள்ளை வெளிநாடு போய்விட்டால் திரும்பக் கொண்டுவருவது கடினம். கோர்ட் அனுமதி இல்லாமல் வெளிநாடு கூட்டிப்போகக் கூடாது, பாஸ்போர்ட் இன்னாரிடம் இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். லீவில் வருகிறவருக்கு 2-வது, 4-வது சனி எந்தப் பயனும் தராது. வருகைத் தேதியை 30 நாள் முன் தெரிவித்தால், அந்த லீவில் இத்தனை நாள் தொடர்ச்சியாகப் பிள்ளை அவரோடு என்று தனி ஷரத்து வேண்டும்.

மீறினால்

முதல் தடவை தவறியதும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதில் பலன் குறைவு, குடும்ப விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றுதான் பெரும்பாலும் அனுப்புவார்கள். பதிலாக ஒரு நோட்டு வையுங்கள். தேதி, போய்ச் சேர்ந்த நேரம், காத்திருந்த நேரம், அனுப்பிய மெசேஜ், ரயில் அல்லது பஸ் டிக்கெட். மெசேஜ்களை அழிக்காதீர்கள். அவற்றைச் சாட்சியமாக வைக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின் சான்றிதழும் வேண்டும். நீங்கள் எழுதுவதும் ஒரு நாள் நீதிபதி மேஜையில் இருக்கும் என்ற நினைவோடு எழுதுங்கள். இரண்டு மூன்று முறை தொடர்ந்து மீறினால் உத்தரவு போட்ட கோர்ட்டில் நிறைவேற்று மனு. எதிர்த்தரப்பு அடுத்த மாநிலத்தில் இருந்தால் நிறைவேற்றத்துக்காக அந்த ஊர்க் கோர்ட்டுக்கு அனுப்பக் கேட்கலாம்.

பிள்ளையையே மறைத்துவிட்டார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. பெற்றோரில் ஒருவரோ உறவினரோ பிள்ளையை வைத்திருப்பது சட்ட ஆதாரம் இல்லாதது என்றால் அந்த மனு நிற்கும் என்று தேஜஸ்வினி கௌட் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளை கேரளத்தில் இருந்தால் எர்ணாகுளம், கோவையில் இருந்தால் சென்னை, தேனி, தென்காசி, கன்னியாகுமரி என்றால் மதுரைக் கிளை.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பது காரணமாக வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் நேரில் கேட்கலாம், 15100-ல் கூப்பிட்டும் கேட்கலாம். குடும்ப நீதிமன்றத்தின் இறுதி உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 30 நாள்தான் அவகாசம், நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள். மேல்முறையீட்டுக் காலம் போய்விட்டாலும் கஸ்டடி விஷயத்தில் கதவு அடைபட்டுவிடாது. ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சூழ்நிலை மாறினால் கஸ்டடி உத்தரவும் மாறலாம். பிள்ளை பெரிய வகுப்புக்குப் போனது, வீடு மாறியது, தாத்தா பாட்டி இல்லாமல் போனது, ஷிப்ட் வேலை வந்தது என்று எது மாறியதோ அதற்கான காகிதத்தை இணைத்து, முழு வழக்கையும் திரும்பக் கிளறாமல், மாற வேண்டிய அந்த ஷரத்தை மட்டும் குறிப்பிட்டு மனு போடுங்கள்.